சீரம் மெஷினில் உடல் திரவம்: எண் தடுமாறும்போது எங்கே தேடுவது

ஆட்டோ அனலைசரில் வைக்கும் குழாய்க்குள் சீரம் இருக்கிறதா, நெஞ்சிலிருந்து எடுத்த நீர் இருக்கிறதா, மூட்டிலிருந்து வந்த கொழகொழப்பு இருக்கிறதா என்பது மெஷினுக்குத் தெரியாது. உறிஞ்சும், ரீஏஜெண்ட் சேர்க்கும், நிறம் மாறுவதைப் பார்க்கும், ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். எந்தச் சாம்பிளுக்கு என்று ரீஏஜெண்ட் பெட்டியோடு வரும் கிட் இன்சர்ட் தாளை எடுத்துப் பாருங்கள்: பெரும்பாலானவற்றில் சீரம், பிளாஸ்மா, சிலவற்றில் யூரின், ஒன்றிரண்டில் சி.எஸ்.எஃப்., அதாவது தண்டுவட நீர். ப்ளூரல் ஃப்ளூயிட் (நெஞ்சு நீர்), அசைட்டிக் ஃப்ளூயிட் (வயிற்று நீர்), டிரெயின் ஃப்ளூயிட் (அறுவை சிகிச்சைக்குப் பின் குழாய் வழி வடியும் நீர்) எதுவும் அநேகமாக இருக்காது. அப்படியானால் அந்தத் திரவத்தில் வரும் எண்ணுக்குக் கம்பெனி பொறுப்பில்லை, நாம்தான் பொறுப்பு. மருத்துவ லேப்களுக்கான தர நிலையான ஐ.எஸ்.ஓ. 15189:2022 இதைத்தான் சொல்கிறது. கம்பெனி சொன்ன வரம்புக்குள் ஓட்டினால் கம்பெனி சொன்னது நம் லேபில் வருகிறதா என்று பார்க்கும் வெரிஃபிகேஷன் போதும், வரம்பைத் தாண்டினால் டெஸ்ட் சரியாக வேலை செய்கிறது என்று நாமே நிரூபிக்கும் முழு வேலிடேஷன் வேண்டும். அமெரிக்காவின் சி.எல்.ஐ.ஏ. விதிகளும் இதே கதைதான். எப்படிச் செய்வது என்பதற்கு லேப் தர வழிகாட்டிகளை வெளியிடும் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் சி49 என்ற வழிகாட்டி இருக்கிறது. 2007-இல் வந்தது, 2018-இல் இரண்டாம் பதிப்பு.

இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன், ஏனென்றால் லேபில் யாரும் "இன்று வேலிடேஷன் செய்வோம்" என்று உட்கார்வதில்லை. ஏதோ ஒரு எண் இடிக்கிறது, வார்டிலிருந்து போன் வருகிறது, அப்புறம்தான் தேடுகிறோம். எங்கே இடித்தாலும் கையில் இருக்கும் ஆயுதங்கள் மூன்று: அந்தத் திரவத்தைச் சலைனில் டைல்யூட் செய்து ஓட்டுவது, தெரிந்த அளவு சேர்த்து ஸ்பைக் செய்து ஓட்டுவது, வெறும் சலைனை ஓட்டுவது. கீழே வரும் முக்கால்வாசிப் பிரச்சினை இந்த மூன்றில் பிடிபட்டுவிடும்.

மெஷின் எண்ணே தரவில்லை, கிளாட் எரர் அல்லது ஷார்ட் சாம்பிள் என்கிறது

முதல் சந்தேகம் ஃபைப்ரின். ப்ளூரல் ஃப்ளூயிடை பிளெயின் ட்யூபில் அனுப்பினால், அதில் புரதம் அதிகமாக இருந்தால், லேபுக்கு வந்து சேர்வதற்குள் மெல்லிய வலை கட்டியிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே ட்யூபைச் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி இழை மாதிரி தெரியும். சென்ட்ரிஃபியூஜ் செய்த பிறகும் மேலே மிதந்துகொண்டிருக்கும், ப்ரோப் அதைத்தான் முதலில் உறிஞ்சும். லித்தியம் ஹெப்பாரின் ட்யூபில் வாங்கினால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். ஈ.டி.டி.ஏ. ட்யூபில் வந்ததை மட்டும் கெமிஸ்ட்ரிக்கு ஓட்டாதீர்கள். அது செல் கவுன்ட்டுக்கு நல்லது. ஆனால் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், ஆல்கலைன் பாஸ்ஃபடேஸைச் செயலிழக்கச் செய்யும், பொட்டாசியத்தை வானத்துக்கு ஏற்றும். இந்த மூன்றும் ஒரே ரிப்போர்ட்டில் சேர்ந்து வந்தால் நோயாளியைப் பார்ப்பதற்கு முன் ட்யூபின் மூடியைப் பாருங்கள்.

மூட்டு நீர் வேறு கதை. அதிலுள்ள ஹயலூரோனிக் அமிலம்தான் அந்த வழவழப்புக்குக் காரணம். மெஷின் 5 மைக்ரோலிட்டர் உறிஞ்சியதாக நினைக்கும், உண்மையில் 3 தான் உள்ளே போயிருக்கும். பிரச்சினை என்னவென்றால் எல்லா மெஷினும் எரர் காட்டாது. சில மெஷின் பேசாமல் குறைவான எண்ணைக் கொடுத்துவிடும். அடையாளம் கண்டுபிடிக்க எளிய வழி, அதே சாம்பிளை அடுத்தடுத்து ஐந்து முறை ஓட்டுங்கள். சீரத்தில் கிடைக்கும் சி.வி.யைவிட (திரும்பத் திரும்ப ஓட்டும்போது வரும் சிதறல் சதவீதம்) பல மடங்கு சிதறினால் உறிஞ்சுவதில்தான் கோளாறு. ஹயலூரோனிடேஸ் சேர்த்து 37 டிகிரியில் சிறிது நேரம் வைத்தால் நீர்த்துவிடும். ஆனால் ஒன்று, அந்த என்சைம் கரைசலைச் சலைனில் சேர்த்துத் தனியாக ஒரு ப்ளாங்க் (சாம்பிள் இல்லாத வெற்று ஓட்டம்) ஓட்டிப் பாருங்கள், சேர்த்த அளவுக்கான டைல்யூஷனையும் கணக்கில் எடுங்கள். இந்த இரண்டையும் விட்டுவிட்டு "ட்ரீட் செய்தோம்" என்று வேலிடேஷன் ஃபைலில் எழுதினால் அது பாதி வேலைதான்.

கணையச் சிஸ்ட் நீரும் இதே ரகம், இன்னும் மோசம். காரணம் மியூசின் என்ற சளிப் பொருள். அங்கே கேட்டு வருவது பெரும்பாலும் சி.இ.ஏ. என்ற கட்டிக் குறியீடும் அமைலேஸ் என்சைமும், சாம்பிளோ சில துளிதான். டைல்யூட் செய்துதான் ஆக வேண்டும், அதற்கு டைல்யூஷன் சரியாக வேலை செய்கிறது என்று முன்கூட்டியே காட்டியிருக்க வேண்டும்.

இண்டெக்ஸ் கொடி ஏறி ரிசல்ட் பிளாக் ஆகிறது

பால் மாதிரி ப்ளூரல் ஃப்ளூயிட் வந்தால் மெஷின் லைபீமிக் (கொழுப்பால் கலங்கியது) என்று கத்தும், லேபின் கம்ப்யூட்டர் மென்பொருளான எல்.ஐ.எஸ். ரிசல்ட்டை நிறுத்திவைக்கும். சீரத்தில் பழகிய கை உடனே அதை அதிவேக சென்ட்ரிஃபியூஜில் போட்டுத் தெளியவைக்கப் பார்க்கும். அதைச் செய்யக்கூடாது! டாக்டர் கேட்டதே ட்ரைகிளிசரைடுதான், அந்தப் பாலாடைக்குள்தான் அது இருக்கிறது. 110 மி.கி./டெ.லி.க்கு மேலே இருந்தால் கைலோதோராக்ஸ் (நெஞ்சுக்குள் நிணநீர்க் கசிவு) என்று முடிவெடுப்பார், 50-க்குக் கீழே என்றால் அநேகமாக இல்லை என்பார், நடுவில் இருந்தால் லிப்போபுரோட்டீன் எலக்ட்ரோஃபோரிஸிஸ் கேட்பார். தெளியவைத்து 40 என்று ரிப்போர்ட் கொடுத்தால் நோயாளியின் சிகிச்சையே வேறு திசையில் போகும். நன்றாகக் கலக்கி, டைல்யூட் செய்து ஓட்டுங்கள்.

சிவப்பாக வருவது அன்றாடம். சிவப்பணுவுக்குள் எல்.டி.எச். என்சைம் நிறைய. டேப் செய்யும்போது, அதாவது ஊசி போட்டு நீர் எடுக்கும்போது, ரத்தம் கலந்தாலும் பரவாயில்லை, உடனே சுற்றிப் பிரித்துவிட்டால் சேதம் குறைவு. இரண்டு மணி நேரம் மேசையில் கிடந்து, செல் உடைந்து, அப்புறம் சுற்றினால் அந்த எல்.டி.எச். நோயாளியுடையதா சிவப்பணுவுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. சீரத்துக்கு வைத்திருக்கும் ஹீமாலிஸிஸ் எல்லையையே திரவத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு முறையாவது ஹீமாலைசேட் சேர்த்துச் சோதித்துவிட்டு வையுங்கள்.

எண் வருகிறது, ஆனால் பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கம்

சி.எஸ்.எஃப். புரதம் 0.0 என்று வந்தால் யாரோ சீரம் புரதத்துக்கான பையூரெட் டெஸ்ட்டையே அழுத்தியிருக்கிறார்கள். தண்டுவட நீரின் புரதம் பெரியவர்களுக்கு 15 முதல் 45 மி.கி./டெ.லி. வரை, அதாவது 0.045 கி./டெ.லி.யைத் தாண்டாது. பையூரெட்டின் பார்வைக்கு அது வெறும் தண்ணீர். பைரோகல்லால் ரெட் அல்லது பென்ஸெதோனியம் குளோரைடு முறைதான் இதற்கு. இரண்டுக்கும் யூனிட் வேறு என்பதையும் எல்.ஐ.எஸ்.ஸில் சரிபாருங்கள், கி./டெ.லி.யும் மி.கி./டெ.லி.யும் ஆயிரம் மடங்கு தள்ளி நிற்பவை, எல்.ஐ.எஸ். இதற்கெல்லாம் வெட்கப்படாமல் அச்சடிக்கும்.

அதிகம் கண்ணில் படாத இடம் அசைட்டிக் அல்புமின். சீரம் அல்புமின் கிட் 2-க்கும் 5 கி./டெ.லி.க்கும் நடுவே நன்றாக வேலை செய்யும்படி கட்டப்பட்டது. சிரோசிஸ் நோயாளியின் வயிற்று நீரில் அல்புமின் 0.4, 0.6 என்றுதான் இருக்கும். உங்கள் கிட் அவ்வளவு கீழே உண்மையைச் சொல்கிறதா? ஒரு சீரம் பூலை எடுத்து, சலைனில் படிப்படியாக 0.2 வரை இறக்கி, ஒவ்வொன்றையும் பல முறை ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் சி.வி.யும் பயஸும் (உண்மை அளவிலிருந்து விலகல்) நீங்கள் முன்பே குறித்துவைத்த எல்லையைத் தாண்டுகின்றனவோ அதற்கு மேலேதான் உங்கள் கீழ் வரம்பு. வெறும் சலைனுக்கு 0.2 வந்தால், 0.4 என்ற ரிசல்ட்டில் பாதி சலைனுடையது.

இது ஏன் முக்கியம் என்றால் எஸ்.ஏ.ஏ.ஜி. என்ற கணக்கு. சீரம் அல்புமினிலிருந்து அசைட்டிக் அல்புமினைக் கழித்தால் 1.1 அல்லது மேல் என்றால் போர்ட்டல் ஹைப்பர்டென்ஷன் (கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அழுத்தம்) பக்கம், கீழே என்றால் டி.பி., கேன்சர் என்று தேடல் வேறு பக்கம். உண்மையான சீரம் 2.5, அசைட்டிக் 1.3 என்று வையுங்கள், வித்தியாசம் 1.2. ப்ரோமோகிரெஸால் க்ரீன் முறை அல்புமின் குறைவான சாம்பிளில் குளோபுலினையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கூடுதலாகக் காட்டும் பழக்கம் உள்ளது. அசைட்டிக்கை 1.5 என்று படித்து, சீரத்தைச் சரியாகப் படித்தால் வித்தியாசம் 1.0. வெறும் 0.2 மாறியதில் நோயறிதலே மாறிவிட்டது. இரண்டு சாம்பிளும் ஒரே நாளில் எடுத்தவையா, ஒரே மெஷினில், ஒரே முறையில் ஓடியவையா என்பதைக் கட்டாயம் பாருங்கள். பழைய சீரம் ரிசல்ட்டை எடுத்து இன்றைய திரவத்தோடு கழித்துப் பார்க்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது; லேபால் அதைத் தடுக்க முடியாவிட்டாலும் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுத முடியும்.

எல்லோருக்கும் எக்ஸுடேட் என்று வருகிறது

நெஞ்சு நீர் நோய்த்தொற்று, கேன்சர் போன்றவற்றால் சேர்ந்தால் எக்ஸுடேட், ஹார்ட் ஃபெயிலியர் போன்றவற்றால் சேர்ந்தால் டிரான்ஸுடேட். நுரையீரல் டாக்டர் போன் செய்து, "ஹார்ட் ஃபெயிலியர் கேஸுக்கும் எக்ஸுடேட் கொடுக்கிறீர்களே, என்ன ஆயிற்று?" என்று கேட்டால் இரண்டு இடம் தேட வேண்டும், ஒன்று அவர் பக்கம், ஒன்று நம் பக்கம்.

அவர் பக்கம் இது. இரண்டையும் பிரிக்கும், லைட் என்ற மருத்துவர் பெயரிலான அளவுகோல் 1972-இல் வந்தது: திரவ/சீரம் புரத விகிதம் 0.5-க்கு மேல், எல்.டி.எச். விகிதம் 0.6-க்கு மேல், அல்லது திரவ எல்.டி.எச். சீரத்தின் மேல் எல்லையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். மூன்றில் ஒன்று இருந்தாலே எக்ஸுடேட். எக்ஸுடேட்டைத் தவறவிடக் கூடாது என்று வடிவமைத்தது, அதனால் டிரான்ஸுடேட்டில் ஒரு பகுதியைத் தப்பாக எக்ஸுடேட் என்று சொல்லும், குறிப்பாக நீர் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் நோயாளிகளில். அப்போது சீரம் அல்புமினிலிருந்து திரவ அல்புமினைக் கழித்து 1.2-க்கு மேல் வருகிறதா என்று பார்ப்பார்கள். இது லேபின் பிழை இல்லை.

நம் பக்கம் எல்.டி.எச். கிட். லாக்டேட்டிலிருந்து பைருவேட் போகும் முறைக்கும், பைருவேட்டிலிருந்து லாக்டேட் போகும் முறைக்கும் எண் ஏறத்தாழ இரு மடங்கு வித்தியாசப்படும். முதல் முறையில், அதாவது ஐ.எஃப்.சி.சி. என்ற சர்வதேச கெமிஸ்ட்ரி அமைப்பின் முறையில் மேல் எல்லை 250-ஐ ஒட்டி, இரண்டாவதில் 450-ஐத் தாண்டி. கிட் மாற்றினீர்கள், சீரத்தின் ரெஃபரன்ஸ் எல்லையையும் மாற்றினீர்கள், நல்லது. ஆனால் திரவ ரிப்போர்ட்டின் கமென்ட்டில் யாரோ முன்பே "167-க்கு மேல் எக்ஸுடேட்" என்று டைப் செய்து வைத்தது அப்படியே கிடக்கும். அது 250-இன் மூன்றில் இரண்டு. புது கிட்டில் மேல் எல்லை 460 என்றால் கோடு 307-இல் இருக்க வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்ட அத்தனை பேருக்கும் எக்ஸுடேட் முத்திரை.

இதைவிடக் குழப்பமானது, சீரத்தை நாம் ஓட்டி, திரவத்தை வெளி லேபுக்கு அனுப்பியது. அங்கே வேறு முறை. ஒரே முறையில் 120-க்கு 200 என்று, 0.6-ஐத் தாண்டாமல் வந்திருக்க வேண்டிய விகிதம், 240-க்கு 200 என்று 1.2 ஆகிவிடும். விகிதம் கேட்கும் டெஸ்ட் எதுவானாலும் இரண்டு சாம்பிளும் ஒரே கூரையின் கீழ், ஒரே கிட்டில். இதில் சமரசம் வேண்டாம்.

ஸ்பைக் ரெகவரி நன்றாக இருக்கிறது, ஆனால் ரிசல்ட்டில் நம்பிக்கை வரவில்லை

இங்கே கணக்கு போடும் விதத்தையே பாருங்கள். ஒரு அசைட்டிக் ஃப்ளூயிடில் எல்.டி.எச். 80. கையில் 900 உள்ள சீரம் பூல். ஒன்பது பங்கு திரவம், ஒரு பங்கு பூல் கலக்கிறோம். திரவத்தின் பங்கு 72, பூலின் பங்கு 90, எதிர்பார்ப்பது 162. மெஷின் 140 காட்டுகிறது. பலர் 140-ஐ 162-ஆல் வகுத்து 86 சதவீதம், 85-க்கு மேலே இருக்கிறது, பாஸ் என்று டிக் அடிப்பார்கள். ஆனால் கேள்வி, நாம் சேர்த்த 90-இல் எவ்வளவு திரும்பி வந்தது என்பதுதான். 140-இலிருந்து 72-ஐக் கழித்தால் 68. 90-க்கு 68 என்றால் 76 சதவீதம்தான். ஃபெயில். திரவத்தில் ஏற்கெனவே இருந்த அளவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு அழகாக முதல் கணக்கு பிழையை மறைக்கும்.

இன்னொன்று, ஸ்பைக் செய்யும் அளவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பாருங்கள். பாதிக்குப் பாதி சீரம் கலந்தால், நீங்கள் சோதிப்பது திரவத்தை இல்லை, நீர்த்த சீரத்தை. திரவத்தின் கோளாறு எதுவும் அதில் வெளியே தெரியாது. பாதிக்குப் பாதி கலவையும் ஓட்டலாம்தான், 25, 50, 75 சதவீதம் என்று படிப்படியாகக் கலந்து நேர்கோடு வருகிறதா என்று பார்ப்பதற்கு, ஆனால் அது வேறு சோதனை.

பைப்பெட் பிழையும் இங்கேதான் ஒளிந்திருக்கும். 50 மைக்ரோலிட்டரை 450-இல் சேர்க்கும்போது நுனியில் ஒட்டிய ஒரு துளியே நாலைந்து சதவீதம். அதனால் ரெகவரி ஃபெயில் ஆனால் முதலில் அதே பூலைச் சலைனில் அதே விகிதத்தில் சேர்த்து ஓட்டுங்கள். அங்கேயும் 76 என்றால் உங்கள் கை அல்லது பைப்பெட். அங்கே 99, திரவத்தில் 76 என்றால்தான் மேட்ரிக்ஸை, அதாவது திரவத்தின் கலவையை, குற்றம் சொல்லலாம்.

எத்தனை நோயாளியின் திரவத்தில் செய்வது? ஒரே ஒரு தெளிந்த மஞ்சள் நீரில் செய்து முடிப்பதில் அர்த்தமில்லை. தெளிந்தது, ரத்தம் கலந்தது, சீழ் மாதிரி இருப்பது, பித்தப் பச்சை என்று வேறு வேறு முகம் கொண்டவற்றை மிச்ச சாம்பிளிலிருந்து சேர்த்துவையுங்கள். ப்ளூரல், அசைட்டிக் இரண்டும் சீரத்திலிருந்தே கசிந்தவை, நடத்தையும் அதற்குப் பக்கம், அவற்றை ஒரு கூட்டமாக எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூட்டு நீர், சி.எஸ்.எஃப்., டயாலிசிஸ் நீர், சிஸ்ட் நீர் ஒவ்வொன்றும் தனி.

டைல்யூட் செய்யச் செய்ய எண் ஏறுகிறது

கணைய அறுவை சிகிச்சைக்குப் பின் டிரெயின் அமைலேஸ். நேரடியாக ஓட்டினால் 900 வருகிறது. 10 மடங்கு டைல்யூட் செய்து பெருக்கினால் 7,000. 50 மடங்கில் 21,000. 100 மடங்கில் 21,500. மெஷின் கெட்டுப்போகவில்லை, சப்ஸ்ட்ரேட் தீர்ந்துவிட்டது. அளவு மீறிய என்சைம், ரீடிங் எடுக்கும் நேரம் வருவதற்கு முன்பே ரீஏஜெண்ட் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டது, அதன் பிறகு நிறம் மாறவில்லை, மெஷின் அந்தச் சமதரையைப் பார்த்துக் குறைவான வேகம் என்று எழுதுகிறது. சில மெஷின் கொடி காட்டும், சில காட்டாது, காட்டினாலும் அவசரத்தில் அதைத் தள்ளிவிடும் கை உண்டு. ரியாக்ஷன் கர்வைத் திறந்து பார்த்தால் ஒரு நொடியில் தெரியும்: கோடு செங்குத்தாக ஏறிச் சட்டென்று படுத்துவிடும்.

டிரெயின் அமைலேஸை முதலிலேயே டைல்யூட் செய்து ஓட்டுங்கள் என்பது என் வழக்கமான அறிவுரை. மூன்றாம் நாள் அல்லது அதற்குப் பிறகு எடுத்த டிரெயின் நீரில் சீரத்தின் மேல் எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேல் என்பதுதான் கசிவுக்கான கோடு. 21,000-ஐ 900 என்று கொடுத்தாலும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஆனால் அடுத்த நாள் உண்மையில் 6,000-க்கு இறங்கி நீங்கள் சரியாக டைல்யூட் செய்து கொடுத்தால், சர்ஜன் "900-இலிருந்து 6,000 ஆகிவிட்டது" என்று பதறுவார். நோயாளி தேறிக்கொண்டிருப்பார்.

தொடர்ந்து டைல்யூட் செய்தும் ஏறிக்கொண்டே போய் எங்கும் நிற்கவில்லை என்றால், திரவத்தில் ஏதோ தடுக்கும் பொருள் இருக்கிறது, அல்லது டைல்யூவென்ட் அந்த டெஸ்டுக்கு ஒத்துவரவில்லை. இறங்கிக்கொண்டே போனால் ப்ளாங்க்கைப் பாருங்கள். இன்னொரு சின்னக் காரணமும் உண்டு, மெஷினில் சாம்பிள் டைப்பை யூரின் என்று போட்டிருப்பார்கள். யூரின் மோடில் மெஷின் தானே டைல்யூட் செய்துகொள்ளும், நீங்கள் கையால் ஒரு முறை செய்திருப்பீர்கள்.

இதன் வால் ஒன்று இருக்கிறது. டிரெயின் அமைலேஸுக்கோ சிஸ்ட் சி.இ.ஏ.வுக்கோ அடுத்த கப்பில் இருந்த அப்பாவி நோயாளிக்குத் திடீரென்று உயர்ந்த எண் வந்தால் கேரிஓவர். மிக உயர்ந்த திரவத்தை மூன்று முறை, உடனே குறைந்த சீரத்தை மூன்று முறை ஓட்டுங்கள். குறைந்ததில் முதலாவது, மூன்றாவதைவிட உயர்ந்திருந்தால் ப்ரோப் கழுவல் போதவில்லை.

டயாலிசிஸ் நீரில் கிரியேட்டினின்

சி.ஏ.பி.டி. (வயிற்றுக்குள் நீர் விட்டுச் செய்யும் டயாலிசிஸ்) செய்யும் நோயாளிக்கு பெட் டெஸ்ட், அதாவது வயிற்றுச் சவ்வு எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று பார்ப்பது. நான்கு மணி நேரத்துக்குப் பின் டயாலிசிஸ் நீரின் கிரியேட்டினினைச் சீரம் கிரியேட்டினினால் வகுப்பார்கள். 0.65 முதல் 0.81 வரை ஹை ஆவரேஜ், 0.50 முதல் 0.64 வரை லோ ஆவரேஜ். இதை வைத்துத்தான் நோயாளி எத்தனை பை, எவ்வளவு நேரம் என்று முடிவாகிறது.

ஜாஃபே முறையில் ஓட்டும் லேபுக்கு இங்கே பொறி. டயாலிசிஸ் பையில் குளுக்கோஸ் கொட்டிக் கிடக்கிறது, 2.5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பையில் 2,270 மி.கி./டெ.லி. ஜாஃபே ரீஏஜெண்டான பிக்ரேட் அந்தக் குளுக்கோஸோடும் வினைபுரியும். சோதிப்பது சுலபம்: நோயாளிக்குப் போடாத புதிய பையிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கிரியேட்டினின் ஓட்டுங்கள். அதில் கிரியேட்டினினே கிடையாது. 0.6 என்று வந்தால் அது முழுவதும் குளுக்கோஸின் வேலை. 0.6-ஐ 2,270-ஆல் வகுத்தால் ஒரு மி.கி. குளுக்கோஸுக்கு 0.000264. இதுதான் உங்கள் கிட்டுக்கான திருத்தக் காரணி. அடுத்த லேபின் காரணியைக் கடன் வாங்காதீர்கள், லாட் மாறினால் மறுபடி பாருங்கள். நோயாளியின் நான்காம் மணி நீரில் கிரியேட்டினின் 6.0, குளுக்கோஸ் 900, சீரம் 9.0 என்று வையுங்கள். திருத்தாமல் 0.67, ஹை ஆவரேஜ். குளுக்கோஸின் பங்கு 0.24-ஐக் கழித்தால் 5.76, வகுத்தால் 0.64, லோ ஆவரேஜ். குளுக்கோஸையே டைல்யூட் செய்யாமல் ஓட்டினால் அது கிட் எல்லையைத் தாண்டிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

புதிய பை மைனஸில் வந்தால்? காம்பன்ஸேட்டட் ஜாஃபே. சீரத்தின் புரதம் காட்டும் போலி நிறத்துக்காக அந்த முறை ஒவ்வொரு ரிசல்ட்டிலிருந்தும் ஒரு நிலையான அளவைக் கழிக்கிறது. டயாலிசிஸ் நீரில் புரதமே சொற்பம், இல்லாததற்குக் கழித்தால் குறையத்தானே செய்யும். என்ஸைமேட்டிக் கிரியேட்டினினுக்கு மாறினால் இந்த இரண்டு தலைவலியும் போகும். விலை கூடுதல்தான், ஆனால் பெட் டெஸ்ட் வரும் ஆஸ்பத்திரியில் அந்தச் சாம்பிளுக்காவது வாங்கிவைப்பது நியாயம் என்பேன்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

குளுக்கோஸ் என்றால் செல்லும் கிருமியும் சாப்பிட்டுவிட்டன. சீழ் கலந்த நீரில் இது வேகமாக நடக்கும். ஃப்ளோரைடு ட்யூபில் வாங்குங்கள், சீக்கிரம் சுற்றுங்கள்.

எல்.டி.எச். என்றால் யாரோ நல்லெண்ணத்தில் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறார்கள். அதன் சில ஐசோஎன்சைம்கள் குளிரில் செயலிழக்கும், அறை வெப்பமே அதற்கு நல்லது.

பி.எச். என்றால் காற்று. ப்ளூரல் பி.எச். 7.2-க்குக் கீழே என்றால் குழாய் போட வேண்டும் என்ற முடிவு அதில் தொங்குகிறது. ஹெப்பாரின் போட்ட சிரிஞ்சில், குமிழி இல்லாமல், மூடி, ரத்த வாயு அனலைசருக்கு வர வேண்டும். காற்றுக் குமிழி இருந்தால் எண் ஏறும். மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்தோ கூடுதல் ஹெப்பாரினோ கலந்தால் இறங்கும். பி.எச். ஸ்ட்ரிப்பில் பார்த்து 7.5 என்று எழுதும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். வெளிப்படையான சீழ் வந்தால் ஓட்டவே வேண்டாம், கண்ணால் பார்த்ததே பதில், அனலைசரும் அடைத்துக்கொள்ளும்.

ஸ்டெபிலிட்டி சோதனை பெரிய வேலை இல்லை. ஒரு பெரிய அசைட்டிக் டேப் வந்தால் பிரித்துவையுங்கள்: பாதி சுற்றியது, பாதி சுற்றாதது, அறை வெப்பத்தில் ஒரு வரிசை, 2 முதல் 8 டிகிரியில் ஒரு வரிசை, 0, 4, 24, 48 மணியில் ஓட்டுங்கள். எந்த மணியில் எந்த டெஸ்ட் விழுகிறது என்று தெரிந்ததும், அதற்குப் பிறகு வந்தவற்றை மறுக்க உங்களிடம் காரணம் இருக்கும்.

ஏ.டி.ஏ. சந்தேகமாக இருக்கிறது

நம் ஊரில் ப்ளூரல் ஃப்ளூயிட் வந்தால் டி.பி.க்காக ஏ.டி.ஏ. (அடினோசின் டிஅமினேஸ் என்சைம்) கேட்காத டாக்டர் அபூர்வம். 40 யூனிட்/லி. என்ற கோடு எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்தக் கோடு பெரும்பாலும் ஜியுஸ்டி முறையில், வெளிவரும் அம்மோனியாவை அளந்து வந்தது. இன்று பல லேபில் இருப்பது கைனெட்டிக் கிட். இரண்டும் ஒரே எண்ணைத் தரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்; கிட் மாற்றும்போது பழைய கிட்டில் ஓடிய சாம்பிள்களை, குறிப்பாக 30-க்கும் 60-க்கும் நடுவே இருப்பவற்றை, புதியதிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். 5-ஐயும் 120-ஐயும் ஒப்பிட்டுக் கோரிலேஷன் 0.99 என்று காட்டுவது யாருக்கும் உதவாது.

சீழ் நிறைந்த எம்பையீமாவிலும் ஏ.டி.ஏ. ஏறும், அது நோயின் இயல்பு, டெஸ்ட்டின் பிழை இல்லை. செல் கவுன்ட்டில் நியூட்ரோஃபில் நிரம்பி இருந்தால் ரிப்போர்ட்டில் அதைக் குறிப்பிடலாம். ஜியுஸ்டி முறையில் ஓட்டுபவர்களுக்கு மட்டும் இன்னொரு வேலை: கிருமி வளர்ந்த பழைய சாம்பிளும், கழிவறை கிளீனர் வாசனை வீசும் அறையும் அம்மோனியாவைக் கூட்டும், சாம்பிள் ப்ளாங்க் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

ஆடிட்டில் கேள்வி வந்தால்

லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அசெஸ்ஸர் திரவ ரிப்போர்ட்டில் ரெஃபரன்ஸ் எல்லை எங்கே என்று கேட்டால் பயப்பட வேண்டாம். நல்ல உடம்பில் நெஞ்சிலும் வயிற்றிலும் எடுத்து அளக்கும் அளவுக்கு நீர் இருப்பதில்லை, அதனால் சீரம் மாதிரி எல்லை வகுக்க முடியாது. சீரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும், இந்த டெஸ்ட்டைக் கம்பெனி இந்தத் திரவத்துக்கு அங்கீகரிக்கவில்லை, லேப் வேலிடேட் செய்திருக்கிறது என்று இரண்டு வரி போதும். சீரத்தின் எல்லையை அப்படியே அச்சடித்து, திரவப் புரதம் 3.2-க்கு "லோ" என்று கொடி போடுவதுதான் நிஜமான தப்பு. லைட் கணக்கில் அது தாராளமாக எக்ஸுடேட்டாக இருக்கலாம்.

வெளித் தர ஒப்பீட்டுக்கு உங்கள் திட்டத்தில் திரவம் இல்லை என்றால், வருடம் இரண்டு முறையாவது மிச்ச சாம்பிளைப் பிரித்து, அதே முறையில் ஓட்டும் இன்னொரு லேபுக்கு அனுப்பி எண்களை வைத்துக்கொள்ளுங்கள். க்யூ.சி. சீரத்துடையதே ஓடலாம், ஆனால் அசைட்டிக் அல்புமினுக்கும் புரதத்துக்கும் 0.5, 1.0 மட்டத்தில் ஒன்றைச் சலைனில் டைல்யூட் செய்து நீங்களே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். கடையில் வாங்கும் லெவல் ஒன்று அவ்வளவு கீழே வராது.

எல்லா டெஸ்ட்டையும் எல்லாத் திரவத்திலும் வேலிடேட் செய்ய முயன்றால் ஆண்டு முழுவதும் அதையேதான் செய்துகொண்டிருப்பீர்கள். மருத்துவர் அந்த எண்ணை வைத்து என்ன முடிவெடுப்பார் என்று கேளுங்கள். ப்ளூரலில் புரதம், அல்புமின், எல்.டி.எச்., குளுக்கோஸ், ட்ரைகிளிசரைடு, ஏ.டி.ஏ.; அசைட்டிக்கில் அல்புமின், புரதம்; டிரெயினில் அமைலேஸ், பிலிருபின், கிரியேட்டினின்; சி.எஸ்.எஃப்.இல் குளுக்கோஸ், புரதம். இவற்றை முடித்தால் வரும் சாம்பிளில் பெரும்பகுதி அடங்கிவிடும். மூட்டு நீரில் பொட்டாசியம், வயிற்று நீரில் சி.கே. (தசை என்சைம்) என்று ஏதாவது வந்தால் போனை எடுத்து ஏன் கேட்கிறீர்கள் என்று விசாரியுங்கள். பாதி நேரம் ரிக்வெஸ்ட் ஃபாரத்தில் முழு பேனலுக்கும் டிக் போட்டதுதான் காரணமாக இருக்கும். நிஜமாகவே தேவை என்றால், அந்த ஒரு சாம்பிளையே நேரடியாக, இரண்டு டைல்யூஷனில், ஒரு ஸ்பைக்கோடு ஓட்டி, மூன்றும் ஒத்துப்போனால் கமென்ட்டோடு கொடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் எண் போடாமல், இந்தத் திரவத்தில் இந்த டெஸ்ட் நம்பகமாக இல்லை என்று எழுதி அனுப்புங்கள்.